ஆக்சிமீட்டர் காட்டும் எண் எங்கிருந்து வந்தது?

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஒரு புதிய எண் வந்து குடியேறியது. நலம் விசாரிக்க அழைத்தவர்கள் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "சாச்சுரேஷன் எவ்வளவு?" என்று கேட்டார்கள். 94க்கு மேல் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம், அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவமனையில் படுக்கை தேட வேண்டும் என்ற கணக்கு மருத்துவம் படிக்காதவர்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது. விரலில் மாட்டும் அந்தச் சிறு கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கமும் அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது: ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன, மறுபக்கத்தில் உள்ள ஒளியுணரி எது எவ்வளவு மிஞ்சி வந்தது என்று பார்க்கிறது, அதிலிருந்து இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு தெரிகிறது. இதில் பிழை எதுவும் இல்லை; ஆனால் ஒரு படி விடுபட்டிருக்கிறது. ஒளியை அளந்தால் கருவிக்குக் கிடைப்பது ஒரு விகிதம்தான். அந்த விகிதத்தை 94 என்றோ 88 என்றோ மாற்றிச் சொல்ல அதனுள் ஓர் அட்டவணை பதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரோ சிலருடைய தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்து எழுதிய அட்டவணை அது. இந்தக் கருவியின் வரலாற்றை அந்த அட்டவணையின் வரலாறாகப் படிப்பதே சரி என்பது என் கருத்து. ஒவ்வொரு உடலையும் அதன் சொந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய ஒரு தொழில்நுட்பம், எல்லோருக்கும் பொதுவான ஒரே கோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அப்படிப் படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

இந்தக் கருவி யாருடைய இடத்தைப் பிடித்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் அந்த வேலையைச் செய்துவந்தது மருத்துவரின் கண். உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். மயக்க மருந்து கொடுப்பவர்கள் பல தலைமுறைகளாக இதை நம்பித்தான் அறுவை அரங்கில் நின்றார்கள். அந்த நீலம் எப்போது தெரியும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டன் லுண்ட்ஸ்கார்டு 1919 வாக்கில் ஆராய்ந்தார். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஏறக்குறைய 5 கிராம் சேர்ந்தால்தான் கண்ணுக்கு நீலம் தட்டுப்படும் என்பது அவர் கண்டது. இதன் விளைவு கடுமையானது. 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனை இழந்தாலே நீலம் தெரிந்துவிடும். 7 கிராம் மட்டுமே உள்ள இரத்தசோகைக்காரப் பெண்ணுக்கோ ஏழில் ஐந்து பங்கு போயிருக்க வேண்டும், அதற்கு முன்பே அவர் உயிர் ஆபத்தில் இருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஜூலியஸ் காம்ரோவும் ஸ்டெல்லா பொட்டெல்ஹோவும் 1947இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நேரடியானது. 127 பேரைப் பார்வையாளர்களாக வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசித்த ஆரோக்கியமானவர்களைப் பார்க்கச் சொன்னார்கள். செறிவு 80 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை பெரும்பாலோரால் நீலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கருநிறத் தோலில் இது இன்னும் கடினம். நாக்கையும் இமையின் உட்புறத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆக, தோலின் நிறம் நோயறிதலுக்குக் குறுக்கே நின்றது கருவி வருவதற்கு முன்பிருந்தே. அந்தத் தடையை நீக்குவதாகச் சொல்லித்தான் கருவி வந்தது என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

கண்ணை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது: தமனியில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது. வில்லியம் ஸ்டேடி 1919இல் நிமோனியா நோயாளிகளிடம் அதைச் செய்து ஆக்சிஜன் குறைபாட்டை அளந்து காட்டினார். ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு குத்து, பிறகு ஆய்வுக்கூடத்தில் காத்திருப்பு. சுவாசக் குழாய் தவறான இடத்தில் செருகப்பட்டு நோயாளியின் ஆக்சிஜன் சில நிமிடங்களில் வடிந்துபோகும்போது அந்த முடிவு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒளியால் அளக்கலாம் என்ற அறிவு மட்டும் அதற்கும் வெகு முன்பே இருந்தது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் 1862இல் இரத்தம் எந்தெந்த நிற ஒளியை உறிஞ்சுகிறது என்று பதிவு செய்தார்; கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1864இல் ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த நிறப்பொருள் இரு நிலைகளுக்கு இடையே மாறுவதைக் காட்டினார். கார்ல் ஃபோன் ஃபியரோர்ட் 1876இல் தன் கையின் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டு, அதன் ஊடாக வந்த ஒளியின் நிறமாலை மாறுவதைக் கண்டார். உயிருள்ள உடலின் ஊடே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனைப் பார்க்கலாம் என்பது அன்றே தெரிந்த சங்கதி. பிறகு ஏன் நூறு ஆண்டுகள்?

தடையாக நின்றது இரத்தத்தைச் சுற்றி இருந்த மற்ற எல்லாமும். காதுமடலில் ஒளியைப் பாய்ச்சினால் தோல், கொழுப்பு, குருத்தெலும்பு, சிரைகளில் தேங்கிய இரத்தம் எல்லாம் சேர்ந்து அதை விழுங்குகின்றன. வெளியே வரும் ஒளியில் தமனி இரத்தத்தின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று பிரிப்பது எப்படி? லைப்ஸிக்கில் கார்ல் மத்தெஸ் 1935இல் இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்தும் காதுக் கருவியைச் செய்தார். செறிவு ஏறுவதையும் இறங்குவதையும் அது பின்தொடர்ந்தது, ஆனால் அறுதியான எண்ணைத் தரவில்லை. லண்டனில் ஜே. ஆர். ஸ்குவயர் 1940இல் அழகான ஒரு வழியைக் கண்டார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையை அழுத்தி இரத்தத்தை முழுவதும் வெளியேற்றிவிட்டு ஒளியை அளந்தார்; பிறகு அழுத்தத்தை விட்டு இரத்தம் நிரம்பியதும் மறுபடி அளந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரத்தத்துக்கு மட்டும் உரியது. மயோ கிளினிக்கில் ஏர்ல் வுட் 1949 அளவில் இதையே காதுக்குக் கொண்டுவந்து, காற்றடைத்த சிறு பையால் காதுமடலை வெளிறும்வரை அழுத்தி, அந்த இரத்தமில்லாத நிலையைச் சுழியாக வைத்துக்கொண்டார். இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சுழி ஒவ்வொருவருக்கும் வேறு. கருத்த காதுக்கு ஒரு சுழி, வெளுத்த காதுக்கு ஒரு சுழி, தடித்த மடலுக்கு ஒன்று, மெல்லிய மடலுக்கு ஒன்று. அளக்கப்படுகிறவரின் தோலே அவருக்கான அளவுகோலாக இருந்தது.

ஆக்சிமீட்டர் என்ற பெயரைக் கொடுத்தவர் கிளென் மில்லிகன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனின் மகன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயரத்தில் பறக்கும் விமானிகள் தங்களுக்கே தெரியாமல் நினைவிழந்து விழுவதைத் தடுக்கும் முயற்சியில் அவர் இலேசான ஒரு காதுக் கருவியைச் செய்தார். அவர் மனைவி கிளேர், எவரெஸ்டில் 1924இல் மறைந்த ஜார்ஜ் மாலரியின் மகள். உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் போவது அந்தக் குடும்பத்துக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளாக இருந்திருக்க முடியாது. மில்லிகனும் 1947இல் டென்னஸியில் மலையேறும்போது விபத்தில் இறந்தார். அவருடைய கருவியும் ஆளுக்கு ஆள் சரிசெய்யப்பட வேண்டியதாகவே இருந்தது: அணிந்தவரைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, அந்த நிலையை 100 என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து இறங்குவதைப் படித்தார்கள். காதைச் சூடாக்கி இரத்த ஓட்டத்தைப் பெருக்க வேண்டியிருந்தது. கருவி கொஞ்சம் அசைந்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு இதற்குப் பொறுமை இருக்கலாம். அவசர அறுவை அரங்கில் யாருக்கும் இருக்காது. இந்த வரிசையின் கடைசிப் பெரிய முயற்சி ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் 1976இல் கொண்டுவந்த காது ஆக்சிமீட்டர். சான்ஃபிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ராபர்ட் ஷா முன்வைத்த கருத்தைப் பின்பற்றி எட்டு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தியது அது. ஒவ்வொருவரின் தோல் நிறமியும் திசுவும் விழுங்கும் பங்கைக் கணக்கிலேயே கண்டுபிடித்துக் கழித்துவிடுவது அதன் நோக்கம். காதை அழுத்தவும் வேண்டாம், தூய ஆக்சிஜனும் வேண்டாம். நன்றாகவே அளந்தது. ஆனால் பெரிய பெட்டி, கனத்த காதுப்பிடி, காதை 41 டிகிரிக்குச் சூடாக்கும் ஏற்பாடு, ஏராளமான விலை. நுரையீரல் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி அது பரவவில்லை.

இதற்கிடையே, டோக்கியோவின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேறொரு வேலையில் இருந்த ஒரு பொறியாளரிடமிருந்து விடை வந்தது. டாக்குவோ அவோயாகி 1936இல் நீகாட்டாவில் பிறந்தவர். 1972இல் அவர் முயன்றது ஆக்சிஜனை அளக்க அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று ஊசியால் தமனியைக் குத்தாமல் கண்டுபிடிக்க. சிரையில் பச்சைச் சாயம் ஒன்றைச் செலுத்தி, அது காதுக்கு வந்து சேர்ந்து பிறகு மெல்ல நீர்த்துப்போவதை ஒளியால் தொடர்ந்தால் அந்தக் கணக்கைப் போடலாம். காகிதத்தில் அந்த வளைகோடு வழுவழுப்பாக இறங்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் ஒரு சிற்றலை அதன்மேல் ஏறி உட்கார்ந்து கணக்கைக் கெடுத்தது. அந்த அலையை அழிக்க அவர், சாயம் உறிஞ்சாத 900 நானோமீட்டர் ஒளியையும் சேர்த்து அளந்து, இரண்டையும் வகுத்துப் பார்த்தார். அலை மறைந்தது. ஆனால் சுவாசத்தை நிறுத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் மாறியவுடன் அந்தச் சமன் குலைந்து அலை மறுபடி எழுந்தது. பலரும் இதைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள். அவோயாகிக்கு அதில் வேறொன்று பிடிபட்டது: அந்தச் சிற்றலையை உண்டாக்குவது ஒவ்வொரு துடிப்பிலும் தமனிக்குள் புதிதாகப் பாயும் இரத்தம், தோலும் எலும்பும் சிரையும் துடிப்பதில்லை, ஆகவே இரு நிற ஒளியிலும் துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால், மற்ற எல்லாம் தாமாகவே விலகி, தமனி இரத்தத்தின் செறிவு மட்டும் எஞ்சும். மிச்சியோ கிஷியுடன் சேர்ந்து 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த மாதமே ஒசாகாவில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னார். அவோயாகியின் விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தி, மினோல்டா நிறுவனத்தின் அக்கியோ யாமனிஷியும் ஏறக்குறைய இதே கருத்துக்குக் காப்புரிமை கேட்டார். நிஹோன் கோடன் 1975இல் ஒரு காதுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில காலத்தில் ஆர்வம் குறைந்து நிறுவனமே அதை ஓரம்கட்டியது. மினோல்டா 1977இல் விரல் நுனிக்கு மாற்றியது.

அவோயாகியின் கண்டுபிடிப்பு மிகப் பெரியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காதை அழுத்த வேண்டாம், சூடாக்க வேண்டாம், யாருக்கும் தனியாகச் சுழி குறிக்க வேண்டாம். மாட்டிய சில நொடிகளில் எண் வரும். விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகளும் நுண்செயலிகளும் சேர்ந்தபின், அமெரிக்காவில் பயாக்ஸ் நிறுவனமும், ஸ்டான்ஃபோர்டின் மயக்க மருந்து நிபுணர் வில்லியம் நியூ தொடங்கிய நெல்கார் நிறுவனமும் 1980களின் தொடக்கத்தில் இதை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தன. நெல்கார் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலித்தது. செறிவு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கியது. திரையைப் பார்க்காமலே, கைகள் வேறு வேலையில் இருக்கும்போதே, மயக்க மருந்து நிபுணரின் காதுக்கு ஆபத்து கேட்டது. நோயாளிக்கு அருகில் நின்று வேலை செய்தவர்களின் தேவையை அறிந்து செய்யப்பட்ட கருவி அது. ஹார்வர்டு மருத்துவமனைகள் 1986இல் மயக்க மருந்து கொடுக்கும்போது எவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்று விதிகளை வெளியிட்டன. அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் அதே ஆண்டு தன் விதிகளை வகுத்து, 1990க்குள் ஆக்சிமீட்டரைக் கட்டாயமாக்கியது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி இயங்குகிறதா என்பது மயக்கம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றாயிற்று.

அட்டவணை உள்ளே நுழைந்த இடமும் இதுதான். ஒளியை விழுங்கும் பொருள் தெளிந்த திரவமாக இருந்தால், விகிதத்திலிருந்து செறிவை இயற்பியல் சூத்திரம் ஒன்றினாலேயே கணக்கிட்டுவிடலாம். விரல் தெளிந்த திரவம் இல்லை; இரத்த அணுக்களும் திசுவும் ஒளியைச் சிதறடிக்கின்றன, சூத்திரம் தரும் விடை உண்மையிலிருந்து விலகிவிடுகிறது. எனவே உற்பத்தியாளர்கள் அனுபவ வழியைக் கைக்கொண்டார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவரைப் படுக்க வைத்து, மணிக்கட்டின் தமனியில் மெல்லிய குழாயைச் செருகி, விரலில் கருவியை மாட்டுகிறார்கள். அவர் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். செறிவு ஒவ்வொரு படியிலும் நிலைபெற்றதும் இரத்தம் எடுத்து ஆய்வுக் கருவியில் சோதித்து, அந்த நேரத்தில் விரல் கொடுத்த விகிதத்தை அதன் அருகில் எழுதுகிறார்கள். விகிதம் 1 என்று வந்தால் செறிவு ஏறத்தாழ 85 சதவீதம் என்று எல்லாக் கருவிகளும் சொல்வது இப்படிக் கிடைத்த அறிவுதான். 70 சதவீதத்துக்குக் கீழே யாரையும் கொண்டுபோவது நெறியாகாது. ஆகவே அதற்குக் கீழ்ப்பட்ட எண்கள் கோட்டை நீட்டிப் பெற்ற ஊகம். வுட் தன் நோயாளியின் காதையே அழுத்திப் பெற்ற சுழியின் இடத்துக்கு, முன்பின் தெரியாத சிலரின் உடல்களிலிருந்து பெற்ற சராசரி வந்துவிட்டது. சுமை நோயாளியின் படுக்கையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது. எளிமை கிடைத்தது அதனால்தான். பிழை புகுந்த வழியும் அதுவே.

பிழை இருக்கிறது என்பது பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்ட புதுச் செய்தி இல்லை. அமல் ஜுப்ரானும் மார்ட்டின் டோபினும் 1990இலேயே, செயற்கைச் சுவாசத்தில் இருந்த 54 நோயாளிகளை ஆராய்ந்து, 4 சதவீதத்துக்கு மேல் தவறிய அளவுகள் வெள்ளையரிடம் 11 சதவீதமும் கறுப்பினத்தவரிடம் 27 சதவீதமும் இருந்ததாக எழுதினார்கள். வெள்ளையருக்கு 92 போதும் என்றால் கறுப்பினத்தவருக்கு 95ஐ இலக்காக வைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபிலிப் பிக்லரும் ஜான் செவரிங்ஹவுஸும் உள்ளிட்ட குழு 2005இல், கருநிறத் தோலில் கருவிகள் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டுகின்றன என்றும், செறிவு இறங்க இறங்க அந்த மிகை வளர்கிறது என்றும் காட்டியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஒரு கருவியைச் சோதிக்கக் குறைந்தது 10 பேர் போதும், அவர்களில் 2 பேரோ 15 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவில், அடர்நிறத் தோல் உடையவர்களாக இருந்தால் போதும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்யோடிங்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தம் உண்மையில் 88க்குக் கீழே இருந்த நிகழ்வுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். 1990 எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகள். அந்த இடைவெளிதான் என்னை அதிகம் வருத்துகிறது. தெரியாமல் நேர்ந்த பிழைக்கு மன்னிப்பு உண்டு. அச்சில் வந்த பிழையை மூன்று தசாப்தங்கள் அப்படியே விட்டதற்கு என்ன சொல்வது?

இயற்பியல் அறிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்பலாம். தோலின் மெலனின் துடிப்பதில்லை. துடிக்காத எதுவும் அவோயாகியின் வகுத்தலில் விலகிவிடும். அப்படியிருக்க நிறம் எப்படிக் குறுக்கே வரும்? நியாயமான கேள்வி. ஒளி ஒரே அலைநீளத்தில் வந்தால் அந்த வாதம் நிற்கும். எல்.இ.டி. தரும் சிவப்பு 660 நானோமீட்டரைச் சுற்றி இருபக்கமும் பரவியிருக்கிறது. மெலனின் குறைந்த அலைநீளப் பக்கத்தை அதிகமாக விழுங்குகிறது. ஆகவே அடர்ந்த தோலைத் தாண்டி இரத்தத்தை அடையும் சிவப்பின் சராசரி அலைநீளம் சற்றே நகர்ந்துவிடுகிறது. அந்தப் பகுதியில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும் அளவு சட்டென்று மாறுவதால், சிறு நகர்வும் விகிதத்தைத் தொடுகிறது. உள்ளே செல்லும் ஒளி குறைவதால் துடிப்பின் அடையாளமும் மெலிகிறது. காரணங்களின் முழுப் பட்டியல் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் தோலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்பது ஒரு தோராயம் என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தோராயத்தின் எச்சம் முழுவதும் அட்டவணையின் தலையில்தான் விழும். அட்டவணையோ பெரும்பாலும் வெளிர்நிறத்தவரை வைத்து எழுதப்பட்டிருந்தால், எச்சம் யார் பக்கம் சாயும் என்பது வெளிப்படை. காரணம் இயற்பியலில் இருக்கிறது. அது திருத்தப்படாமல் கிடந்ததற்கான காரணம் யாரைச் சோதிக்கிறோம் என்ற முடிவில் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதுவே வலுவானது. பிழை சராசரியாக ஓரிரு சதவீதம். கண்ணின் பிழையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. காம்ரோவின் பார்வையாளர்கள் 80 வரை தடுமாறினார்களே. இந்தக் குறையைப் பெரிதுபடுத்தினால் மக்கள் கருவியையே கைவிட்டுவிட மாட்டார்களா? கருவியைக் கைவிடச் சொல்லும் நோக்கம் யாருக்கும் இருக்கக்கூடாது. கருநிறத் தோல் உள்ளவருக்கும் கண்ணைவிடக் கருவியே பன்மடங்கு மேல். ஆனால் 'சராசரி' என்ற அடிப்படையில் இந்த வாதம் நிற்காது, ஏனெனில் ஆக்சிமீட்டரின் எண்ணை யாரும் சராசரியாகப் பயன்படுத்துவதில்லை. 94, 92, 90 என்று கோடு கிழித்து, இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மருத்துவமனை என்று முடிவெடுக்கிறார்கள். கோட்டின் அருகில் நிற்பவருக்கு 2 சதவீதம் என்பது படுக்கை கிடைப்பதா இல்லையா என்பதாக மாறுகிறது. கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஆசியர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் ஆகியோரிடம் கருவி உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டியதோடு, சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்று கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் கண்டறியப்படுவது அதனால் தாமதமானதையும் பதிவு செய்தது. எண் சிறியதுதான், அதை வைத்து எடுத்த முடிவு சிறியதில்லை.

டென்மார்க்கில் 1993இல் வெளியான பெரிய ஆய்வையும் சிலர் சுட்டுவார்கள். 20,802 அறுவை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆக்சிமீட்டர் வைத்தும் மறுபாதிக்கு வைக்காமலும் பார்த்தார்கள். கருவி வைத்தவர்களிடம் ஆக்சிஜன் குறைவு பல மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அறுவைக்குப் பின்னான சிக்கல்களிலும் இறப்பிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. அப்படியானால் எண் துல்லியமாக இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பயிற்சி பெற்றவர்களும் நல்ல வசதியும் நிறைந்த அரங்கில் நடந்த ஆய்வு அது. அங்கே ஆக்சிமீட்டர் இல்லாவிட்டாலும் நோயாளியைக் காக்க வேறு பல கண்கள் உண்டு. கொரோனா காலத்து வீட்டில், ஒரு கிளிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த எண் மட்டுமே சாட்சி. உதவி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு எண்ணின் உண்மை முக்கியமாகிறது.

நலமாக இருக்கும்போது உங்கள் எண்ணைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து இறங்குவதைக் கவனியுங்கள் என்ற ஆலோசனை இப்போது பரவலாகத் தரப்படுகிறது. நல்ல ஆலோசனைதான், ஓரளவுக்கு வுட்டின் பழைய வழியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. ஆனால் பிக்லரின் குழு காட்டியதை மறக்கக்கூடாது. மிகை வளர்வது செறிவு குறைந்த பின்தான். 98இல் சரியாக இருக்கும் கருவி 85இல் ஏமாற்றலாம். நலமாக இருக்கும் நாளில் பார்த்த எண்ணால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. திருத்தம் அட்டவணை எழுதப்படும் இடத்திலேயே நடக்க வேண்டும். அவோயாகியே இந்தத் திசையில்தான் தன் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். இரண்டு அலைநீளங்கள் போதாது, திசுவின் பாதிப்பைப் பிரிக்க இன்னும் அதிக அலைநீளங்கள் வேண்டும் என்று 2007இல் சகாக்களோடு எழுதினார். எட்டு அலைநீளக் கருவி எதைத் தீர்க்க முயன்றதோ அதே கேள்விக்கு, துடிப்பின் வழியே திரும்பி வந்தார். 2020 ஏப்ரலில் 84 வயதில் அவர் மறைந்தபோது உலகம் முழுவதும் அவருடைய கருவி விரல்களில் மாட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு, சோதனைக்கு 150 பேரோ அதற்கு மேலோ வேண்டும் என்றும், அவர்களின் தோல் நிறத்தை அளந்து பதிய வேண்டும் என்றும் கேட்டது.

இந்தியாவில் 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை ஆணையம் ஆக்சிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வணிக இலாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. விலை குறைந்தது நல்லது. அதே அக்கறையோடு கேட்கப்பட வேண்டியது, அந்தக் கருவிக்குள் உள்ள கோடு எத்தனை பேரின் இரத்தத்தில் வரையப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் நம் நிறத்தவர் என்பது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவிகளும் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்பு தன் ஒப்பந்தப்புள்ளியில் இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட முடியும்: சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, அவர்களின் தோல் நிற அளவு, 70க்கும் 80க்கும் இடைப்பட்ட செறிவில் ஒவ்வொரு நிறப் பிரிவுக்கும் கருவி எவ்வளவு விலகியது. சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் கருவி விலகிய அளவும் உற்பத்தியாளரிடம் இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் அட்டவணை எழுதியிருக்க முடியாது.